அந்தப் பெரிய ஆரைத் திருத்தாதீர்கள்

உங்களில் ஒருவர் போன வாரம் ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார். நம் பேக்கேஜ் களஞ்சியத்தில் ஒரு கம்பைலர் இருக்கிறது அல்லவா, அதைக் கட்டத் தேவையான ஆரம்பக் கோப்பு ஒரு ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரின் பெயரை ஆங்கில எழுத்தில் யூ, ஆர், ஏ, ஐ என்று எழுதியிருக்கும். நான்கில் ஆர் மட்டும் பெரிய எழுத்து, மற்ற மூன்றும் சின்னவை. "இது டைப்பிங் மிஸ்டேக் மாதிரி தெரிகிறது மேடம், சின்ன ஆராக மாற்றியிருக்கிறேன், சரிதானே?" என்று கேட்டிருக்கிறார். நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்து நாளாகிவிட்டது. இருந்தாலும் அந்தக் கம்பைலரைக் கட்டுகிற குறிப்பின் அடியில் இன்னும் என் முகவரிதான் இருப்பதால் கேள்வி என்னிடம் வந்துவிட்டது.

சரியில்லை தம்பி. மாற்றாதீர்கள். ஏன் என்று ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு வரியில் வரவில்லை. அந்த விவகாரம் நடந்தபோதே எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதி பின்னால் யோசித்துப் புரிந்துகொண்டது. இன்னும் புரியாதது கொஞ்சம் பாக்கி இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் படிக்கட்டும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் எங்கள் சென்டர் இருந்தது. ஒரு அறக்கட்டளை நடத்தியது. நான் தினம் பெருமுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். எங்கள் வேலை ஒன்றே ஒன்றுதான். மறுநாள் மழை உண்டா, காற்று எப்படி என்று கண்டுபிடித்து, சாயங்காலம் மைக்கில் சொல்ல வேண்டும். உப்பளத்து ஓரமெல்லாம் கம்பம் நட்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தோம்.

உப்பளத்தில் மழைச் செய்தி விளையாட்டு இல்லை. பாத்தியில் விளைந்ததை வாரி, கரையில் குவித்து, கீற்று போட்டு மூடினால் உப்பு தப்பும். மூடாமல் விட்டால் ஒரே மழையில் கரைந்து ஓடிவிடும். அதற்காகச் சந்தேகத்துக்கெல்லாம் மழை மழை என்று சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. மழை என்றால் அளத்துக்காரர் வேலையை நிறுத்திவிடுவார், வேலை செய்கிறவர்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. எந்தப் பக்கம் தவறினாலும் அடி ஒரே ஆட்கள் மேல்தான் விழும்.

சென்டரில் நாங்கள் மூன்று பேர். நான் பொறுப்பாளர். ஆரோக்கியசாமி கம்ப்யூட்டர் ஆள். கையில் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. மூன்றாவது தேவகி, மைக்கில் செய்தி சொல்கிறவள். அவள் கணவர் வீட்டில் எல்லோரும் உப்பள வேலை. ஊரில் அவளுக்கு 'மைக்கு' என்றே பெயர். ஆரோக்கியத்தின் வீடும் அவள் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்ப்யூட்டர்கள் தானமாக வந்தவை. வெளிநாட்டில் எங்கோ ஒரு கல்லூரி கழித்துக்கட்டிய பெட்டிகள். நம் ஊர் பீசியில் இருக்கிற பிராசஸர் வேறு, அதில் இருந்தது வேறு. அதில் ஓடிய ஓ.எஸ். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து பராமரிப்பது. அவர்கள் களஞ்சியத்தில் எந்தப் புரோகிராமை எப்படிக் கட்டுவது என்று குறிப்பு இருக்கும், எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் மழைப் புரோகிராமை எழுதிய ஆராய்ச்சியாளர் மட்டும் யாரும் கேள்விப்படாத ஒரு மொழியில் எழுதி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த மொழியில் எழுதியதை மிஷின் ஓட்டுகிற கோப்பாக மாற்றித் தருகிற கம்பைலர் எங்கள் பெட்டிக்குக் களஞ்சியத்தில் இல்லை. நாங்கள்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கம்பைலரைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. அது தன் மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. அதைக் கட்டுவதற்கு அதே கம்பைலர் வேண்டும். அது இல்லாததால்தானே கட்டப் போகிறோம்? "இது என்னப்பா, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டின கதையா இருக்கு" என்றேன். ஆரோக்கியம் சிரித்தான்.

"தயிரு மாதிரிக்கா. பாலு மட்டும் இருந்தா தயிரு ஆயிடுமா? ஒரு சொட்டு பழைய தயிரு ஊத்தணும். அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, அதுக்கு முந்துன நாள் தயிரு. மொத தயிரு எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

அந்த முதல் சொட்டை அவன்தான் செய்தான். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் நண்பன் ஒருவனின் பீசியில் உட்கார்ந்து, அதில் ஓடுகிற கம்பைலரை வைத்து எங்கள் பெட்டிக்கான கம்பைலரைச் செய்து கொண்டுவந்தான். அதற்கு மாதக்கணக்கில் ஆனது. இடையில் எத்தனை தடவை உடைந்தது என்று அவனுக்கே கணக்கில்லை. கடைசியில் எங்கள் பெட்டியில் அது ஓடியபோது, அதை வைத்தே அதைக் கட்டினோம். கட்டி வந்ததை வைத்து மறுபடி கட்டினோம். இரண்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒன்றாக வந்தன. அதற்கு மேல் கட்டிக்கொண்டே போனாலும் அதேதான் வரும். அப்போதுதான் அந்தக் கம்பைலர் எங்கள் பெட்டியில் வேர் விட்டது என்று அர்த்தம். கட்டுவதற்கென்று ஆரோக்கியம் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டிருந்தான், அந்த ஆரம்பக் கோப்பையும் அதிலேயே வைத்தான்.

பெயர் வைப்பதில்தான் வந்தது வினை. எனக்கு அப்போது தமிழ்ப் பைத்தியம். எங்கள் சென்டரில் எதற்கும் இங்கிலீஷ் பெயர் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து வராது, அதனால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுவோம். ஆரோக்கியம் தயிரை நினைத்து 'உறை' என்று வைத்தான். யூ ஆர் ஏ ஐ, எல்லாம் சின்ன எழுத்தில்.

களஞ்சியத்தாருக்கு எங்கள் கட்டுமானக் குறிப்பை மெயிலில் அனுப்பினோம். கூடவே அந்தக் கோப்பின் செக்சம். கோப்பில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கணக்கில் எடுத்துப் போடுகிற ஒரு நீளமான எண் அது. ஒரு எழுத்து மாறினாலும் எண் மொத்தமும் மாறிவிடும். கோப்பை அனுப்பவில்லை, எங்கள் டயல்-அப் இணைப்பில் அவ்வளவு பெரிய கோப்பு ஏறாது. ஒரே ஒரு சீடி போட்டோம். அதை வேதாரண்யம் சென்டர் வாங்கிக்கொண்டது. அதுவும் உப்புக் கடற்கரை, அங்கேயும் இதே தானப் பெட்டிகள்தான். அந்தச் சென்டரின் பொறுப்பாளரை நான் பார்த்ததே இல்லை. ஃபோனில் "வேதாரண்யம் பேசுறேன்" என்பார். நான் "மரக்காணம் பேசுறேன்" என்பேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் ஃபோனில் சொல்லித் தந்ததுதான்.

ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்த சமயம், தேவகி மைக்கில் நாளைக்கு நல்ல மழை என்றாள். எல்லோரும் வேலையை நிறுத்திக் குவியலை மூடினார்கள். மறுநாள் மண்டை பிளக்கிற வெயில். இன்னொரு தடவையும் அப்படியே ஆனது. பிறகுதான் பார்த்தோம், எங்களுக்கு வானிலைச் செய்தி அனுப்புகிற இடத்திலிருந்து ஒரு மெயில் வந்து கிடந்தது. கடலையும் கரையையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு இவ்வளவு மழை என்று அனுப்புவார்கள். அந்தக் கட்டங்களைச் சின்னதாக்கி வரிசையையும் மாற்றியிருந்தார்கள். எங்கள் புரோகிராமுக்கு அது தெரியாது. மரக்காணம் என்று நினைத்து அந்தமான் பக்கத்தில் ஏதோ ஒரு கட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்துச் சொல்லவும் வழியில்லை, அந்தச் செய்தி சுருட்டிக் கட்டிய மூட்டை மாதிரி வரும், புரோகிராம்தான் பிரித்துப் படிக்க வேண்டும்.

தேவகி வந்து என் எதிரில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தண்ணிக் கொழாய்க்குப் போக முடியலக்கா. 'மைக்கு வர்றா, மழை வரும், துணியெல்லாம் எடுத்து உள்ள போடுங்கடி'ன்னு சிரிக்கிறாங்க. எங்க நாத்தனாரு மொகம் குடுத்தே பேச மாட்டேங்குது. கூலி போச்சே அவங்களுக்கு."

"நீ என்ன பண்ணுவ? காகிதத்துல இருந்ததைத்தானே படிச்ச."

"காயிதம் யாருக்குக்கா தெரியும்? அவங்களுக்குத் தெரிஞ்சது என் குரலுதான். இனிமே சரியா சொல்லும்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் மைக்கைத் தொட மாட்டேன்."

நிஜமான மழை வருகிற காலம். அவள் வாயை மூடிக்கொண்டால் உப்பளத்துக்குச் செய்தியே இல்லை. அவள் இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால் அதன் பிறகு எந்த மழைக்கும் அவள் பேச்சை ஒருவரும் கேட்கப் போவதில்லை. இரண்டும் ஒன்றுதான்.

புரோகிராமில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். மாற்றிவிட்டுக் கட்டினால் முடிந்தது. "கட்டிடு" என்றேன். ஆரோக்கியம் தலையைச் சொறிந்தான். அதற்கு முன்புதான் ஓ.எஸ்.ஸைப் புதுசாக்கியிருந்தான். அப்போது பழைய கம்பைலரை எடுத்துவிட்டான், எப்போதும் செய்கிற வேலைதான். "அதனால என்னக்கா, உறை இருக்குது. அதுலேர்ந்து மறுபடி கட்டிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் தேடினான். கொஞ்ச நேரத்தில் அவன் தட்டுகிற சத்தம் நின்றது.

"அக்கா, உறையக் காணோம்."

தேவகி நிமிர்ந்து பார்த்தாள். "உறையா? நீங்கதானே எடுத்துடச் சொன்னீங்க."

"யாரு? நானா?" என்றான் ஆரோக்கியம்.

"ரெண்டு பேருந்தான். கேட்டுட்டுத்தானே எடுத்தேன்."

இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். நாங்கள் அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து இதைத்தான் பிரித்தோம், அதற்குள் மூன்று பேருக்கும் குரல் கம்மிவிட்டது.

நடந்தது இதுதான். மைக்கில் சொல்வதைப் பதிவு செய்து வைக்க தேவகிக்கு டிஸ்க்கில் இடம் போதவில்லை. எது பெரிதாக அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தாள். யூ ஆர் ஏ ஐ என்று ஒன்று. அவள் அதை உறை என்றுதான் படித்தாள். ஆனால் அவளுக்கு உறை என்றால் சீடி மேல் போடுகிற கவர். முன்பு அவள் சீடிக்குப் படம் வரைந்தபோது, "கவர்னு சொல்லாதே, உறைன்னு சொல்லு" என்று நானே பாடம் எடுத்திருந்தேன். தன் பழைய கவர் படங்கள் என்று நினைத்தாள். இருந்தாலும் நல்ல பிள்ளை, கேட்காமல் அழிக்கவில்லை.

நான் அன்றைக்கு ஒரு பட்டா விஷயமாக வானூர் தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்றிருந்தேன். ஃபோன் வந்தது. "அக்கா, உறை பெருசா இடத்தை அடைக்குது, எடுத்துடட்டா?" நம் பக்கத்துப் பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் ஏது வித்தியாசம்? என் காதில் 'உரை' என்று விழுந்தது. கம்பைலரைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த விளக்கக் குறிப்புகளுக்கு நான் வைத்திருந்த பெயர் அது. அதற்கு வேறு இடத்தில் பிரதி இருந்தது. "எடுத்துடும்மா" என்றேன்.

அதோடும் அவள் நிறுத்தவில்லை. ஆரோக்கியம் அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் கிடந்தான். மதியம் சாப்பிடப் போனவள் மதில் மேல் எட்டிப் பார்த்து, "அண்ணே, உறை வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தயிருக்கு உறை கொடுத்து வாங்குவது வழக்கம். அவன் கண்ணைத் திறக்காமலே பதில் சொல்லியிருக்கிறான்.

"வேணாம் தேவகி. எங்க வூட்ல இருக்குது."

மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம். அவள் கவரை நினைத்தாள், நான் விளக்கத்தை நினைத்தேன், அவன் நிஜமான தயிரை நினைத்தான். கம்பைலரை நினைக்கவேண்டிய நேரத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. யாரைத் திட்டுவது? திட்ட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் கிடைக்கவில்லை. போதாததற்கு ஆரோக்கியம் முணுமுணுத்தான், "ஃபோல்டருக்கே தமிழ்ல கோப்புறைன்னுதானே சொல்லணும்னீங்க. அதுலயும் ஒரு உறை இருக்குதுக்கா." அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்ய நேரம் இல்லை. வேதாரண்யத்துக்கு ஃபோன் போட்டேன். அங்கே அப்போதே மழை பிடித்திருந்தது. லைனில் ஒரே கரகரப்பு. "உறை போச்சுங்க, நீங்க வாங்கின சீடியைத் திருப்பி அனுப்புங்க" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவர் ஏதேதோ சொன்னார். "அனுப்புறேங்க" என்பது கேட்டது. நடுவில் ஒரு நீளமான பேச்சு, ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் "உறை... எழுத்தைப் பாத்துக்கங்க" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதோடு லைன் செத்துவிட்டது.

சொன்னபடியே ஒரு சீடியைச் சென்னைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆரோக்கியம் ஸ்டாப்பில் நின்று வாங்கிவந்தான். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? எழுத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே என்று, சீடி வந்த காகித உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் முகவரிதான் இருந்தது. சரியாகவே இருந்தது.

சீடியிலிருந்து கோப்பை எடுத்து செக்சம் போட்டோம். களஞ்சியத்துக்கு நாங்கள் அனுப்பிய மெயிலில் பழைய எண் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டு உறவே இல்லை.

"சைசு ஒண்ணாத்தான் இருக்குதுக்கா" என்றான் ஆரோக்கியம். "ஓட்டிப் பாத்துடலாம். ஓடினா நம்மளுது."

"ஓடினா சரின்னு எப்படிப்பா சொல்ற? போன வாரம் மழைப் புரோகிராம் கூடத்தான் நல்லா ஓடிச்சு."

இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மற்ற புரோகிராமில் கோளாறு இருந்தால் அது அந்தப் புரோகிராமோடு போகும். கம்பைலரில் இருந்தால் அது கட்டுகிற எல்லாவற்றிலும் இறங்கும். தன்னைத்தானே கட்டிக்கொள்கிற கம்பைலர் என்றால் அதன் அடுத்த தலைமுறைக்கும் போகும், மூலத்தை எத்தனை தடவை படித்தாலும் கண்ணில் படாது. கெட்ட உறையை ஊற்றினால் பால் எவ்வளவு நல்ல பாலாக இருந்து என்ன பயன்? எண் பொருந்தாத கோப்பைத் தொடக் கூடாது என்பது களஞ்சியத்தின் சட்டம். அதற்காகத் தொடாமலே இருந்தால் மழை வரப் போகிறது. தென்கிழக்கில் கருக்க ஆரம்பித்திருந்தது. வேதாரண்யம் லைன் எடுக்கவே இல்லை. எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. நிதானமாக முடிவெடுத்தேன் என்றெல்லாம் உங்களிடம் கதை விட மாட்டேன்.

தேவகி கேட்டாள், "அவங்க பொய்யா ஒண்ணை அனுப்புவாங்களாக்கா?"

"பொய் இல்ல தேவகி. தப்பா இருக்கலாம்."

"நானும் தப்பாத்தான் சொன்னேன். பொய் சொல்லல. ஊர்ல ரெண்டுக்கும் வித்தியாசம் பாக்கல."

அதைக் கேட்டபின் ஒன்று மட்டும் முடிவானது. இது என்ன என்று தெரியாமல் இதை ஓட்டி, அது சொல்வதை அவள் வாயில் கொடுக்க மாட்டேன். மழை வந்தால் வரட்டும். "ஓட்ட வேணாம்" என்றேன். "உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்."

ஓடுகிற கோப்பைத் திறந்தால் நமக்கு ஒன்றும் புரியாது. ஆனால் நடுநடுவே மனிதர் படிக்கிற சொற்கள் சிதறிக் கிடக்கும், அவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். எடுத்துத் திரையில் ஓடவிட்டோம். பிழைச் செய்திகள், பெயர்கள், கம்பைலர் தன் நூலகத்தை எங்கே தேட வேண்டும் என்கிற பாதை. எல்லாம் எங்களுடையவை போலவே இருந்தன. எங்களுடையவை போல இருப்பதுதான் என்னை மேலும் குழப்பியது. இவ்வளவும் ஒன்றாக இருந்தால் எண் ஏன் மாறுகிறது?

ஆரோக்கியம் திரையில் விரலை வைத்தான். "அக்கா, இங்க பாருங்க. உறைய எழுதத் தெரியாம எழுதியிருக்காங்க. நடுவுல பெரிய ஆர் போட்டிருக்காங்க."

பாதையின் நடுவில் அந்தச் சொல். யூ, பெரிய ஆர், ஏ, ஐ.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் ஒரு முறை உண்டு, சென்டருக்கே தமிழ்ச் சட்டம் போட்ட எனக்குத் தெரியாததில்லை. சோம்பேறித்தனத்தில் நாங்கள் யாரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சின்ன ஆர் என்றால் இடையின ர. பெரிய ஆர் என்றால் வல்லின ற. சின்னது போட்டால் உரை, பெரியது போட்டால் உறை.

"எழுதத் தெரியாம இல்லப்பா. எழுதத் தெரிஞ்சு எழுதியிருக்காங்க" என்றேன். அப்போதுதான் எனக்கு ஃபோனில் கேட்ட சொல் உறைத்தது. எழுத்தைப் பாத்துக்கங்க. கவர் மேலிருந்த எழுத்தை அவர் சொல்லவில்லை.

அவர் அனுப்பியது எங்கள் சீடி இல்லை, அது என்ன ஆனது என்பது கரகரப்பில் போன அந்த நீளமான பேச்சில் இருந்திருக்கும். எங்கள் கோப்பை உறையாக ஊற்றி, தன் பெட்டியில், எழுத்துப்பிழை இல்லாத தன் ஃபோல்டரில் அவரே கட்டிய கம்பைலர். கட்டிய இடத்தின் பெயர் அதன் உள்ளே பதிந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த ஒரு எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் எங்களுடையதேதான். இருக்க வேண்டும். இருக்கிறதா?

"ஆரோக்கியம், ஒரு பிரதி எடு. அதுல அந்தச் சொல் வர்ற எடத்துலல்லாம் பெரிய ஆரைச் சின்னதாக்கு. செக்சம் போடு."

அவன் தட்டுகிறவரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், திரையைப் பார்க்க தைரியம் வரவில்லை. தேவகிதான் எண்ணை வாய்விட்டுப் படித்தாள், மைக்கில் படிக்கிற அதே நிதானத்தோடு. ஆரோக்கியம் மெயிலில் இருந்த பழைய எண்ணை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தான். கடைசி எழுத்து வரைக்கும் பொருந்தியது.

எனக்கு அழுகை வந்தது. ஏன் மறைக்க வேண்டும்? முகம் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு ஊரில் எங்கள் கோப்பிலிருந்து கட்டியது, எங்கள் கோப்பாகவே எழுத்துக்கு எழுத்து திரும்பி வந்திருக்கிறது. மாறியது எங்கள் எழுத்துப்பிழை மட்டும். தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் கம்பைலர் என்று நான் எத்தனை பக்கம் விளக்கம் எழுதியிருந்தேன். அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது.

கம்பைலரைக் கட்டினோம். புரோகிராமில் கட்டங்களைத் திருத்திக் கட்டினோம். சந்தேகம் தீராமல், வெயில் அடித்த அந்த இரண்டு நாட்களுக்கான பழைய செய்தியைப் போட்டுப் பார்த்தோம். இரண்டுக்கும் மழை இல்லை என்று சொன்னது. பிறகு அன்றைய செய்தியைப் போட்டோம். நாளைக் காலையில் கனமழை என்றது.

தேவகியிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "சரியாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"சரி தேவகி."

அவள் மைக்கை எடுத்தாள். காகிதம் மேசையிலேயே கிடந்தது.

"தேவகி பேசுறேன். போன தடவை நான் சொன்னது தப்பு. மிஷின் தப்பா படிச்சுது, நான் பாக்காம சொல்லிட்டேன். இப்ப பாத்துட்டோம். நாளைக்குக் காலையில மழை இருக்குது. வாரி வெச்சதை மூடிடுங்க."

நாங்கள் மூவரும் வாசலில் வந்து நின்றோம். உப்பளத்தில் ஒருவரும் அசையவில்லை. யாரோ ஒரு ஆள் ஸ்பீக்கரைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தான். தேவகி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தூரத்தில் ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கீற்றுக் கட்டை இழுத்துக்கொண்டு குவியல் பக்கம் நடந்தாள்.

"எங்க நாத்தனாரு" என்றாள் தேவகி.

அதன் பிறகு ஒருவர் ஒருவராகக் கிளம்பினார்கள். முனகிக்கொண்டேதான் மூடியிருப்பார்கள். மூடாதவர்களும் இருந்தார்கள்.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. சென்டர் வாசல் முழுக்க உப்பளத்து ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். மூடாத குவியல்கள் கரைந்து வெள்ளையாக ஓடுவது அங்கிருந்தே தெரிந்தது. யாரும் தேவகிக்கு நன்றி சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற வழக்கம் அங்கே கிடையாது. அவள் நாத்தனார் முந்தானையைப் பிழிந்துகொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, "ஏம்மா மைக்கு, எப்ப விடும்னு உன் பொட்டியைக் கேட்டுச் சொல்லு" என்றார்.

தேவகி, "இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்து பெட்டிப் பக்கம் போனாள்.

களஞ்சியத்துக்கு வேதாரண்யத்துக் கோப்பையே சீடியில் போட்டு, புதிய செக்சத்தோடு தபாலில் அனுப்பினோம், பெரிய ஆர் உள்ளதையே. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெரிய ஆரும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. உரையை வேண்டுமானால் விலக்கும். கவரையும் தயிரையும் பிரிக்காது, இரண்டும் வல்லினம்தான். அப்படியானால் அதனால் என்ன லாபம் என்று எனக்கு வெகுநாள் குழப்பம்.

மழை விட்டபின் வேதாரண்யத்து லைன் உயிர் பெற்றது. அவரே கூப்பிட்டார்.

"வேதாரண்யம் பேசுறேன். உறை வந்து சேந்துச்சுங்களா?"

சேர்ந்தது என்று சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். "எந்த உறைங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "இப்பதாங்க சரியாக் கேக்குறீங்க."

தம்பி, நீங்களும் அந்த எழுத்தைப் பார்த்து நின்றீர்கள், கை வைப்பதற்கு முன்னால் கேட்டீர்கள். அதற்குத்தான் அது அங்கே இருக்கிறது. இருக்கட்டும்.